நிறுவனத்தின் பெயர் மாறினால் பழைய கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செல்லுமா? பணியாளருக்கான வழிகாட்டி

அலுவலக வாசலில் பெயர்ப்பலகை மாறியதுமே ஊழியர்களிடையே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பழைய கம்பெனியே இப்போது இல்லை. நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாண்டும் இனிச் செல்லாது." இதை நம்பி வேலையை விட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, நிறுவனத்தை யார் வாங்கினாலும், யாரிடம் கைமாற்றினாலும், தாங்கள் போட்ட கையெழுத்து விடாது என்று பயந்து நல்ல வாய்ப்புகளைத் தவறவிடுபவர்களும் உண்டு. இரண்டு முடிவுகளுமே ஆவணத்தைப் பார்க்காமல் எடுத்தவை.

பெயர் மட்டும் மாறியிருந்தால், போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் கொண்ட அந்தக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் அப்படியே நிற்கும். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் "பெயர் மாறிவிட்டது" என்று ஊழியர்கள் சொல்லும் பல சமயங்களில் உண்மையில் நடந்திருப்பது வேறு ஏதாவதாக இருக்கும்: இணைப்பு, விற்பனை, குழுமத்துக்குள்ளேயே ஆள் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. ஆகவே எது நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள்

கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தனி ஒப்பந்தமாக இருப்பதில்லை. பணி நியமனக் கடிதத்தின் பின்னிணைப்பில், பயிற்சிக்கு அனுப்பும்போது வாங்கிய பாண்டில், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில், பங்கு ஒதுக்கீட்டுத் திட்டத்தின் பொடி எழுத்துகளில் என்று சிதறிக் கிடக்கும். பங்குத் திட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இலவசமாகப் பங்கு கிடைக்கும் மகிழ்ச்சியில், கணினித் திரையில் "ஏற்கிறேன்" என்று அழுத்திய ஒரு பக்கத்துக்குள்ளேயே போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்திருக்கலாம். அந்த அழுத்தலும் பல நாடுகளில் கையெழுத்துக்குச் சமம்தான்.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் முழுப் பெயர் என்ன ("பிரைவேட் லிமிடெட்", "எல்.எல்.சி." போன்ற வால் உட்பட), தேதி என்ன, எந்த நாட்டு அல்லது மாநிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. நகல் கைவசம் இல்லையென்றால் மனிதவளத் துறையிடம் கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்பது நல்லது. கொடுத்த பிறகு கேட்டால் பதில் வரும் வேகம் சட்டென்று குறைந்துவிடும்.

கட்டுப்பாடு என்ன வகை என்பதையும் பிரித்துப் பாருங்கள். போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, பழைய வாடிக்கையாளர்களையோ சக ஊழியர்களையோ இழுக்கத் தடை, ரகசியக் காப்பு, குறைந்தபட்சப் பணிக்காலப் பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற உறுதி) ஆகிய நான்கும் வேறு வேறு. நீதிமன்றங்களும் நான்கையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி: உண்மையில் என்ன நடந்தது?

மனிதவளத் துறையின் வாழ்த்து மின்னஞ்சலை நம்பாதீர்கள். "புதிய பயணம்", "புதிய அடையாளம்" என்றெல்லாம் அதில் இருக்கும். சட்டப்படி என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. நம்ப வேண்டியது நிறுவனத்தின் பதிவு எண்ணை.

மனிதர் பெயரை மாற்றிக்கொண்டால் கைரேகை மாறுவதில்லை அல்லவா, நிறுவனத்துக்குப் பதிவு எண் அப்படி. பிரிட்டனில் பெயர் மாறினாலும் நிறுவன எண் மாறாது. அங்கே நிறுவனங்களைப் பதிவுசெய்யும் கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் பழைய பெயர்கள் எல்லாம் தேதியோடு வரும். இந்தியாவில் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 21 இடங்கள் கொண்ட நிறுவன அடையாள எண் இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதைத் தேடலாம். அந்த எண்ணுக்குள்ளேயே நான்கு இலக்கங்களில் நிறுவனம் பதிவான ஆண்டு இருக்கும். நீங்கள் 2015இல் வேலைக்குச் சேர்ந்திருக்க, சம்பளச் சீட்டில் உள்ள நிறுவனத்தின் எண்ணில் 2022 என்று இருந்தால் அது வெறும் பெயர் மாற்றமாக இருக்க வாய்ப்பில்லை; புதிதாக ஒரு நிறுவனம் பிறந்திருக்கிறது.

இதில் ஒரு சிறு எச்சரிக்கை. பிரைவேட் நிறுவனம் பப்ளிக் நிறுவனமானாலோ, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டாலோ, பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போனாலோ இந்திய எண்ணின் சில பகுதிகள் மாறும். அதற்காக நிறுவனம் மாறிவிட்டதாக அர்த்தம் இல்லை. பதிவு ஆண்டும் பழைய பெயரின் வரலாறும் ஒத்துப்போகின்றனவா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேறு தடயங்களும் உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெயர் மாற்றிய நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்குப் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பழைய பெயரையும் சேர்த்தே போட வேண்டும். ஆகவே கடிதத்தாளின் மேல்பகுதியையும் அடிக்குறிப்பையும் பாருங்கள். சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றில் முதலாளியாக யார் பெயர், எந்த எண், எந்த மாதத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். வரி எண் மாறாமல் பெயர் மட்டும் மாறியிருந்தால் அதே நிறுவனம்தான்.

சில சமயம் எதுவுமே நடந்திருக்காது. வணிகப் பெயரும் இலச்சினையும்தான் மாறியிருக்கும். பதிவுப் பெயர் பழையபடியே இருக்கும்.

மூன்றாம் படி: நடந்ததற்கு ஏற்ப விளைவு

*பெயர் மாற்றம் மட்டும்.* நிறுவனம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். பெயர் மாறியதால் அதன் உரிமைகளும் கடமைகளும் மாறுவதில்லை. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 81ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தியாவின் பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டம் 23ஆம் பிரிவில் சொன்னது. இப்போதைய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நிறுவனம் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறினாலும் முன்பு செய்த ஒப்பந்தங்கள் பாதிக்கப்படா என்கிறது. பங்குகளை வேறு ஒருவர் மொத்தமாக வாங்கிவிட்டாலும் இதே நிலைதான். முதலாளி மாறியதுபோலத் தெரியும். ஆனால் உங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் அதேதான்.

"நான் கையெழுத்திட்ட பெயரில் இன்று நிறுவனமே இல்லை" என்ற வாதத்தைக் கையில் எடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அது உண்மையென்றால் உங்கள் பணி மூப்பும், சேர்ந்திருக்கும் விடுப்பும், பணிக்கொடையும், தருவதாகச் சொன்ன பங்குகளும் பழைய பெயரோடு சேர்ந்தே போயிருக்க வேண்டும். அவற்றைப் புதிய பெயரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டுப்பாட்டை மட்டும் பழைய பெயரோடு புதைக்க எந்த நீதிமன்றமும் விடாது.

*இணைப்பு.* இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து கரைந்துபோனால், அதன் ஒப்பந்தங்கள் சட்டப்படி தானாகவே மிஞ்சிய நிறுவனத்துக்குப் போகும் என்பதே இன்று பல நாடுகளில் பொதுவான நிலை. ஆனால் இது எல்லாக் காலத்திலும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1940இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, நோக்ஸ் எதிர் டான்காஸ்டர் நிலக்கரி நிறுவனம் என்ற வழக்கில், தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய வேலை ஒப்பந்தத்தை இணைப்பு ஆணையின் மூலம் வேறு முதலாளிக்கு மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. யாரிடம் வேலை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் சுதந்திரமான தொழிலாளிக்கும் அடிமைக்கும் உள்ள வேறுபாடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அக்கோர்டியா வழக்கு இன்னும் வேடிக்கையானது. சில காப்பீட்டு ஊழியர்கள் ஒரு நிறுவனத்தில் போட்டித் தடை ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நிறுவனம் அடுத்தடுத்த இணைப்புகளில் வேறு பெயருள்ள நிறுவனமாயிற்று. 2005இல் ஊழியர்கள் போட்டி நிறுவனத்துக்குப் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2012 மே மாதம், ஒப்பந்தத்தில் "வாரிசு நிறுவனம்" (பழைய நிறுவனத்தின் இடத்துக்கு வரும் நிறுவனம்) என்ற சொல் இல்லை, ஆகவே பழைய நிறுவனம் இணைப்பில் மறைந்த நாளிலிருந்தே இரண்டாண்டுத் தடை ஓடத் தொடங்கி, முடிந்தும்விட்டது என்றது. ஊழியர்களுக்கு வெற்றி. அதே ஆண்டு அக்டோபரில், மறு ஆய்வில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது: இணைப்புக்குப் பின் மிஞ்சிய நிறுவனம் பழைய நிறுவனத்தின் இடத்தில் நிற்கிறது, தடை நியாயமானதாக இருந்தால் அதை அமல்படுத்தலாம் என்றது. ஒரு உச்ச நீதிமன்றமே சில மாதங்களில் இரண்டு விதமாகச் சொன்ன கேள்விக்கு, அலுவலகத் தேநீர் இடைவேளையில் உறுதியாகப் பதில் சொல்பவரை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தியாவில் கம்பெனி இணைப்புகள் பெரும்பாலும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணையோடு நடக்கின்றன. அந்த ஆணையோடு இணைந்திருக்கும் திட்டத்தில் "ஊழியர்கள்", "ஒப்பந்தங்கள்" என்ற தலைப்புகளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். அலுப்பூட்டும் வாசிப்புதான். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த இரண்டு பத்திகளில் இருக்கும்.

*தொழிலை மட்டும் விற்பது.* நிறுவனத்தை விற்காமல் அதன் ஒரு பிரிவையோ சொத்துகளையோ வேறு நிறுவனத்துக்கு விற்றுவிடுவார்கள். ஊழியருக்கு வாதாட அதிக இடம் இருப்பது இங்கேதான், ஏனென்றால் வாங்கியவர் உண்மையிலேயே வேறு நபர். அமெரிக்காவின் நெவாடா மாநில உச்ச நீதிமன்றம் 2004இல், சொத்து விற்பனையின்போது ஊழியரின் சம்மதம் இல்லாமல் போட்டித் தடையைக் கைமாற்ற முடியாது என்று கூறியது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றமும் 2002இல், கைமாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் சொல்லாத நிலையில் சொத்தை வாங்கியவர் தடையை அமல்படுத்த முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. பிரிட்டனில் நிலைமை நேரெதிர்: 2006ஆம் ஆண்டின் தொழில் கைமாற்ற விதிகளின்படி வேலை ஒப்பந்தம் தானாகவே புதிய முதலாளிக்குப் போய்விடும். ஊழியர் விரும்பாவிட்டால் மறுக்கலாம். மறுத்தால் வேலை முடிவுக்கு வரும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2011இல், தொழிற்சாலை கைமாறும்போது தொழிலாளர்களை அவர்கள் சம்மதமின்றிப் புதிய நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறது.

சம்மதம் என்றால் கையெழுத்து மட்டுமல்ல. புதிய நிறுவனத்திடம் எதிர்ப்பில்லாமல் மாதக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்வதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

*குழுமத்துக்குள் மாற்றம்.* யாரும் கவனிக்காத வகை இது. ஒரு மாதம் சம்பளச் சீட்டில் சகோதர நிறுவனத்தின் பெயர் வருகிறது. வேலை, மேசை, மேலாளர் எல்லாம் அப்படியே. புதிய நிறுவனத்தோடு நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை, பழைய ஒப்பந்தத்திலும் "குழும நிறுவனங்கள்" என்ற சொல் இல்லை என்றால், தடையைக் கோரும் உரிமை யாருக்கு என்பதே நியாயமான கேள்வியாகிவிடும். ஆகவே அந்த முதல் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நான்காம் படி: மூன்று பத்திகளைத் தேடிப் படியுங்கள்

ஒன்று, "நிறுவனம்" என்பதற்கான விளக்கம். அதில் வாரிசு நிறுவனங்கள், உரிமை பெறுபவர்கள், துணை நிறுவனங்கள் என்று இருந்தால் கைமாற்றத்துக்கு முன்கூட்டியே சம்மதித்துவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள்.

இரண்டு, கைமாற்றப் பத்தி. நிறுவனம் இந்த ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றலாமா என்று இருக்கும். பெரும்பாலும் "நிறுவனம் மாற்றலாம், பணியாளர் மாற்றக்கூடாது" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

மூன்று, ஒப்பந்தத்தின் கடைசியில் வரும், யாரும் படிக்காத பத்தி: "இதுவே முழு ஒப்பந்தம், இதற்கு முந்தைய எல்லாவற்றையும் இது நீக்குகிறது." நீங்கள் பின்னால் கையெழுத்திட்ட பதவி உயர்வுக் கடிதத்தில் இந்த வரி இருந்து, போட்டித் தடை இல்லாமல் போயிருந்தால், பழைய தடை தானாகவே நீங்கியிருக்கக்கூடும். நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் பொறி இது.

தடையின் எல்லையையும் பாருங்கள். உங்கள் சிறிய நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டால், அந்தப் பெரிய நிறுவனத்தின் ஆயிரம் வாடிக்கையாளர்களையும் நீங்கள் அணுகக்கூடாதா? பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் மாரிஸ் ஏஞ்சல் வழக்கில் இதைப் பார்த்தது. புதிய முதலாளி தடையை அமல்படுத்தலாம், ஆனால் அது கைமாறிய பழைய தொழிலின் வாடிக்கையாளர்களைப் பற்றியது மட்டுமே என்று புரிந்துகொள்ள வேண்டும் என்றது.

ஐந்தாம் படி: முதலில் அந்தத் தடையே செல்லுமா?

பெயர் மாற்றத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்களில் பலருக்கு, இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வணிக நற்பெயரை விற்பது போன்ற விதிவிலக்குகள் தவிர, வேலையை விட்ட பிறகும் தொடரும் போட்டித் தடையை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் அதே வார்ப்புதான். கலிபோர்னியாவும் பெரும்பாலான போட்டித் தடைகளைச் செல்லாதவையாகவே வைத்திருக்கிறது. பிரிட்டனில் நிறுவனத்தின் நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவு மட்டும் செல்லும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2018 அக்டோபர் முதல் செய்த ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு பொதுவாக 12 மாதம்.

ஆனால் போட்டித் தடை செல்லாது என்பதால் எல்லாமே செல்லாது என்று நினைக்காதீர்கள். ரகசியக் காப்பு நிற்கும். வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற தடை நிற்கும். குறைந்தபட்சப் பணிக்காலப் பாண்டும் நிற்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றது. அது வேலைக்குப் பிந்தைய தடை அல்ல, வேலைக்காலத்தைப் பற்றியது என்பது காரணம். நம் தலைப்புக்குப் பொருத்தமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. அந்த வங்கி 2019 ஏப்ரல் 1 அன்றே பரோடா வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாண்ட் உயிரோடு இருந்தது.

ஆறாம் படி: புதிய தாளை நீட்டினால்

பெயர் மாறிய கையோடு "சும்மா ஒரு நடைமுறைக்காக" என்று புதிய ஒப்பந்தத்தை அனுப்புவார்கள். வெறும் பெயர் மாற்றத்துக்குப் புதிய ஒப்பந்தம் தேவையே இல்லை. ஓர் அறிவிப்புக் கடிதம் போதும். பிறகு ஏன் கேட்கிறார்கள்? ஒன்று, வழக்கறிஞரின் அதிக முன்னெச்சரிக்கை. அல்லது, நடந்தது வெறும் பெயர் மாற்றம் இல்லை; உங்கள் சம்மதம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அல்லது, பழையதில் இல்லாத எதையோ புதியதில் நுழைத்திருக்கிறார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால் எதுவென்று தெரிந்துவிடும்.

கையெழுத்திடுவதற்கு முன் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்:

"வணக்கம். புதிய ஒப்பந்தம் கிடைத்தது, நன்றி. நிறுவனத்தின் பதிவுப் பெயர் மட்டும் மாறியிருக்கிறதா, அல்லது என் பணி வேறு நிறுவனத்துக்கு மாற்றப்படுகிறதா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய ஒப்பந்தத்திலிருந்து மாறியுள்ள பகுதிகளையும், என் பணி மூப்பு முதல் நாளிலிருந்தே தொடர்கிறதா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்தால், படித்துப் பார்த்து விரைவில் பதில் தருகிறேன்."

பணிவாகவும் இருக்கிறது, தேவையான மூன்று பதில்களையும் எழுத்தில் வாங்குகிறது. பதில் வராமல் வற்புறுத்தல் மட்டும் வந்தால் அதையும் சேமித்துவையுங்கள். தடையைக் கடுமையாக்கினால் பதிலுக்கு ஊழியருக்கு ஏதாவது பலன் தரப்பட்டிருக்க வேண்டும் என்று ஆங்கிலேயச் சட்ட மரபிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் எதிர்பார்க்கிறார்கள்; ஆகவே சம்பள உயர்வு, பங்கு ஆகியவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஏழாம் படி: விலகும்போதும், நோட்டீஸ் வந்தாலும்

விலகும்போது நிறுவனத்தின் கோப்புகள், வாடிக்கையாளர் பட்டியல், நிரல்கள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் சரி, இந்த ஒரு செயல் போதும், வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். பணி விடுவிப்புக் கடிதத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் இருக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். புதிய முதலாளியிடம் தடை இருப்பதை மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் அங்கும் வேலை போகும்.

புதிய பெயரில் நோட்டீஸ் வந்தால், "இவர்கள் யார் என்றே தெரியாது" என்று குப்பையில் போட வேண்டாம். கோபத்தில் அன்று இரவே பதிலும் எழுத வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த ஒப்பந்தத்தின் மேல் என்ன உரிமை என்பதற்கான ஆவணத்தை உங்கள் வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். பெயர் மாற்றம் என்றால் பதிவாளரின் சான்றிதழ் இருக்கும். இணைப்பு என்றால் நீதிமன்ற அல்லது தீர்ப்பாய ஆணையோ, பதிவான இணைப்பு ஆவணமோ இருக்கும். விற்பனை என்றால் உங்கள் ஒப்பந்தம் கைமாறியதைக் காட்டும் பகுதி இருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் வாதம்.

இதற்கெல்லாம் நேரம் அதிகம் கிடைக்காது. போட்டித் தடை வழக்குகளில் முழு விசாரணைக்கு முன்பே இடைக்காலத் தடை கேட்பார்கள், அது சில நாள்களிலேயே விசாரணைக்கு வந்துவிடலாம். உங்கள் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் நாட்டிலோ மாநிலத்திலோ தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் போகும்போது நியமனக் கடிதம், கையெழுத்திட்ட எல்லா ஒப்பந்தங்களும், பெயர் மாறுவதற்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டும் அடுத்த மாதச் சீட்டும், பெயர் மாற்றம் பற்றி வந்த மின்னஞ்சல்கள், பதிவாளர் தளத்தில் எடுத்த நிறுவன விவரம், நோட்டீஸ் வந்த உறை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.